ஏன் சுட்டான்?

கொலை என்று ஒன்று நடந்துவிட்டால் உலகம் இரண்டு கேள்விகள் கேட்கிறது. யார் செய்தது என்பது ஒன்று. ஏன் செய்தான் என்பது மற்றொன்று. துப்பறியும் கதைகளில் முதல் கேள்விக்குத்தான் மவுசு அதிகம். முந்நூறு பக்கம் வாசகரை அலைக்கழித்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் ஆளைக் காட்டிவிட்டால் போதும். அவர் திருப்தியோடு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார். இரண்டாவது கேள்விக்குச் சொத்து, பெண், பழி என்று மூன்று பதில்களைக் கைவசம் வைத்துக்கொண்டே கதாசிரியர்கள் காலத்தை ஓட்டிவிடுகிறார்கள். கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் அந்தத் தொழில் ரகசியம் எனக்கும் தெரியும்.

2000-ஆம் ஆண்டு தென் கொரியாவில் வெளிவந்த ஒரு படம் இந்த வழக்கத்தைத் தலைகீழாகப் புரட்டிவிடுகிறது. பார்க் சான்வூக் என்ற டைரக்டர் எடுத்தது. பார்க் ஸாங்யோன் என்ற எழுத்தாளரின் நாவலை ஆதாரமாகக் கொண்டது. 'ஜே.எஸ்.ஏ.' என்பது படத்தின் பெயர். இரு கொரியாக்களின் எல்லையிலே பான்முன்ஜொம் என்ற இடத்தில் இரு தரப்புச் சிப்பாய்களும் எதிரெதிரே நின்று காவல் புரிகிற சிறு நிலப்பரப்புக்கு அப்படிப் பெயர். கூட்டுக் காவல் பகுதி என்று தமிழில் சொல்லலாம். அங்கே ஒரு நள்ளிரவில் வட பகுதியின் காவற்சாவடிக்குள் துப்பாக்கி வெடிக்கிறது. வட கொரிய ராணுவத்தைச் சேர்ந்த இரண்டு பேர் மாண்டு கிடக்கிறார்கள். ஒருவன் தோளில் காயத்தோடு பிழைத்திருக்கிறான். தென் கொரியச் சிப்பாய் ஒருவன் காலில் காயத்தோடு பாலத்தைக் கடந்து தன் பக்கத்துக்கு ஓடி வருகிறான்.

சுட்டவன் யார்? அதில் தகராறே இல்லை. நான்தான் சுட்டேன் என்று அந்தத் தென்னாட்டுச் சார்ஜண்ட் ஸூஹ்யோக் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டான். ஏன் சுட்டான் என்பதுதான் வழக்கு. அதற்கு இரண்டு சர்க்கார்களும் ஆளுக்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கின்றன. எங்கள் பையனைக் கடத்திக்கொண்டு போனார்கள், அவன் வீரமாகச் சுட்டுவிட்டுத் தப்பி வந்தான் என்கிறது தெற்கு. அத்துமீறி நுழைந்து எங்கள் ஆட்களைக் கொன்றான் என்கிறது வடக்கு. இரண்டு கதைகளுமே கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கின்றன. இறந்தவர்களின் உடலில் எடுத்த குண்டுகளையும் துப்பாக்கியில் மிஞ்சியிருந்த குண்டுகளையும் கூட்டினால் மட்டும், அந்தத் துப்பாக்கி கொள்ளக்கூடியதைவிட ஒன்று அதிகமாக வருகிறது. ஒரே ஒரு குண்டுதான். அதைப் பிடித்துக்கொண்டு விசாரிக்க வருகிறாள் ஸோஃபி என்ற ஸ்விஸ் ராணுவ அதிகாரி. நடுநிலை நாடுகளின் மேற்பார்வைக் குழு அனுப்பியவள். அவளுடைய தகப்பனார் ஒரு கொரியர்.

படத்தை இனிமேல்தான் பார்க்கப் போகிறோம் என்று இருப்பவர்கள் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிடுவது நல்லது. முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றிப் பேச எனக்கு வழி தெரியவில்லை.

அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1950-இல் தொடங்கிய கொரிய யுத்தம் 1953 ஜூலை 27-ஆம் தேதி நின்றது. நின்றது என்று சொல்கிறேனே தவிர, முடிந்தது என்று சொல்லவில்லை. அன்று கையெழுத்தானது போர்நிறுத்த ஒப்பந்தம் மட்டுமே. சமாதான உடன்படிக்கை இன்றுவரை கையெழுத்தாகவில்லை. தீபகற்பத்தின் குறுக்கே கிழக்கு மேற்காகச் சுமார் 250 கிலோமீட்டர் நீளத்துக்கு, 4 கிலோமீட்டர் அகலத்துக்கு, ஆளற்ற ஒரு பட்டை நிலம். ராணுவமற்ற பகுதி என்று அதற்குப் பெயர். உலகிலேயே ராணுவம் மிகுதியாகக் குவிந்திருக்கிற எல்லைகளில் அது ஒன்று. பெயர் வைப்பதில் அரசாங்கங்களுக்கு இருக்கும் நகைச்சுவை உணர்ச்சி நம் ஹாஸ்ய எழுத்தாளர்களுக்குக்கூட வராது.

அந்தப் பட்டைக்குள்ளே பான்முன்ஜொம் ஒன்றில்தான் இரு தரப்பாரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆரம்ப காலத்தில் அங்கே கோடு கிடையாது. இரு தரப்புக் காவலர்களும் அந்தப் பகுதி முழுவதிலும் நடமாடலாம். 1976 ஆகஸ்டு 18-ஆம் தேதி பார்வைக்கு இடைஞ்சலாக இருந்த ஒரு பாப்ளர் மரத்தின் கிளைகளை வெட்டப் போன இடத்தில் கைகலப்பு மூண்டு, இரண்டு அமெரிக்க அதிகாரிகள் கோடரிக்குப் பலியானார்கள். மூன்று நாள் கழித்து, ஆகாய விமானங்களும் துருப்புகளும் காவல் நிற்க, அந்த மரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே குறுக்குக் கோடு வந்தது. நீல நிறக் கொட்டகைகளுக்கு நடுவில் ஓர் அடி உயரங்கூட இல்லாத சிமெண்டு வரம்பு. குழந்தைகூடத் தாண்டிவிடும். படத்தில் ஒரு காட்சி. பகல் வேளையில் கோட்டின் இரு புறமும் சிலைபோல் நிற்கிறார்கள். உன் நிழல் கோட்டைத் தாண்டி வந்துவிட்டது, ஜாக்கிரதை என்று வடக்கத்தியான் ரகசியமாகக் கேலி செய்கிறான். சிரிப்பு வருகிறது. அப்புறம் யோசித்துப் பார்த்தால் அவ்வளவு சிரிப்பாக இல்லை.

அந்தக் கோட்டைத் தாண்டி ஸூஹ்யோக் ஏன் போனான்? இதுதான் முதல் புதிர்.

ஒரு நாள் ரோந்து போகும்போது அவன் தன் கூட்டத்திலிருந்து ஒதுங்கி நின்றுவிடுகிறான். கால் ஒரு கண்ணிவெடியில் சிக்கிக்கொள்கிறது. அசைந்தால் உடல் சிதறிவிடும். இருட்டில் தனியாக நிற்கும்போது எதிரே வருகிறார்கள் இரண்டு வட கொரியச் சிப்பாய்கள்: க்யோங்பில் என்ற நடுவயது சார்ஜண்ட், ஊஜின் என்ற சிறு பையன். வந்தவர்கள் நிலைமையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக எத்தனிக்கிறார்கள். போகாதீர்கள், காப்பாற்றுங்கள் என்று இவன் கெஞ்சுகிறான். எதிரியிடம் கெஞ்சுகிறோமே என்ற எண்ணம் அப்போது அவனுக்கு வரவில்லை. க்யோங்பில் மண்டியிட்டு உட்கார்ந்து வெடியைச் செயலிழக்கச் செய்துவிட்டுத் தன் வழியே போய்விடுகிறான்.

பிறகு ஸூஹ்யோக் கல்லில் காகிதம் சுற்றிப் பாலத்துக்கு அப்பால் எறியத் தொடங்குகிறான். பதிலும் வருகிறது. கடைசியில் ஒரு ராத்திரி அவனே பாலத்தைக் கடந்து போய் நின்றுவிடுகிறான். அந்தப் பாலத்துக்குத் 'திரும்பிவராப் பாலம்' என்று பெயர். 1953-இல் யுத்தக் கைதிகளைப் பரிமாறிக்கொண்டபோது ஒரு பக்கம் கடந்துவிட்டவன் மறுபடி திரும்பக் கூடாது என்று விதித்தார்களாம். அதனால் வந்த பெயர். இவனோ தினமும் போய்விட்டுத் தினமும் திரும்பி வருகிறான். பிறகு தன் கீழ் வேலை செய்யும் ஸோங்ஷிக் என்ற கூச்ச சுபாவமுள்ள பையனையும் அழைத்துக்கொண்டு போகிறான்.

நன்றியினால் போனான் என்று சொல்லலாம். அது கொஞ்சம் உண்மை. ஆனால் நன்றி ஒரு தடவை போகச் சொல்லும். இரண்டு தடவை போகச் சொல்லும். தினம் தினம் உயிரைப் பணயம் வைத்துப் போகச் சொல்லாது. அரசியல் கொள்கையினால் போனான் என்றால் அதுவும் இல்லை. அந்தச் சாவடிக்குள் அவர்கள் கொள்கை பேசுவதே கிடையாது. சிறுபிள்ளை விளையாட்டு விளையாடுகிறார்கள், பாட்டுக் கேட்கிறார்கள், தெற்கிலிருந்து வந்த சாக்கோ பை என்ற தின்பண்டத்தைத் தின்கிறார்கள். நாலு பேரில் மூன்று பேர், வீட்டில் இருந்தால் இன்னும் அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கக் கூடிய வயதினர். தெற்கே ஆண்பிள்ளையாகப் பிறந்தவன் ராணுவத்தில் சில காலம் இருந்தே ஆகவேண்டும் என்பது சட்டம். வடக்கே அந்தக் காலம் இன்னும் பல மடங்கு நீளம். பிடித்து வந்து நிறுத்தப்பட்ட பிள்ளைகள் இரவெல்லாம் இருட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எதிரே நூறு கஜ தூரத்தில் இதே போல இன்னொருவன் இருட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்கும் குளிர்கிறது, அவன் பேசுவதும் இதே பாஷைதான். அவனிடம் போகாமல் இருப்பதற்குத்தான் காரணம் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. போவதற்கு வேண்டாம்.

இது ஒன்றும் சினிமாக்காரர்கள் கட்டிய கனவு அல்ல. 1914 கிறிஸ்துமஸ் சமயத்தில் பிளாண்டர்ஸ் போர்முனையில் ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் பதுங்குகுழிகளைவிட்டு வெளியே வந்து புகையிலையும் தின்பண்டமும் மாற்றிக்கொண்டார்கள். இரு தரப்புத் தளபதிகளும் அதை அறிந்து அலறி, இனி இப்படி நடக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். பான்முன்ஜொம்மிலேயே 1998 பிப்ரவரியில் தென் கொரிய இளம் அதிகாரி ஒருவர் பதுங்கு அறைக்குள் தலையில் குண்டுபட்டு இறந்துகிடந்தார். தற்கொலை என்றது ராணுவம்; குடும்பத்தார் ஒப்பவில்லை. அதைத் துருவும்போது, அங்கே காவல் புரிந்த தென் கொரியச் சிப்பாய்கள் சிலர் வடக்கத்தியாரோடு ரகசியமாகப் பழகி, பரிசுப் பொருள்கள் மாற்றிக்கொண்டிருந்தது அம்பலமாயிற்று. படத்துக்கு ஆதாரமான நாவல் அதற்கு முன்பே வந்துவிட்டது. படம் வெளியானபோது, எங்களை எதிரியோடு கூடிக் குலவியவர்களாகக் காட்டிவிட்டார்களே என்று அங்கே முன்பு காவல் புரிந்தவர்கள் சிலர் தயாரிப்பாளர்களிடம் சண்டைக்கே போனார்கள். அவர்களுடைய கோபமும் எனக்குப் புரிகிறது. வாலிபத்தை அந்தக் குளிரில் தொலைத்தவனுக்கு, அங்கே நின்றதற்கு ஓர் அர்த்தம் இருந்தாக வேண்டும்.

சாக்கோ பை என்று சொன்னேன். அதைப் பற்றிய காட்சி ஒன்றைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. ஸூஹ்யோக் ஒரு நாள் பேச்சுவாக்கில் க்யோங்பில்லைப் பார்த்து, எங்கள் பக்கம் வந்துவிடுங்களேன், இதை வயிறு நிறையத் தின்னலாம் என்கிறான். க்யோங்பில் வாயில் போட்டதைக் கையில் எடுத்துக்கொள்கிறான். என் ஆசை என்ன தெரியுமா, எங்கள் நாடு ஒரு நாள் இந்தத் தீபகற்பத்திலேயே உயர்ந்த தின்பண்டத்தைச் செய்யவேண்டும், அதுவரை இந்தப் பண்டத்தைப் பார்த்து ஏங்கத்தான் வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, எடுத்ததை மறுபடி வாயில் போட்டுக்கொள்கிறான். தேசபக்தியும் வாயில் ஊறும் எச்சிலும் ஒரே மனிதனிடத்தில் இவ்வளவு மரியாதையாகக் குடியிருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஸூஹ்யோக்கும் அவனை 'அண்ணா' என்றுதான் அழைக்கிறான். கொரிய பாஷையில் அதற்கென்று இருக்கிற சொல் நம் அண்ணாவைப் போலவே இரத்த உறவுக்கும் செல்லும், அன்புக்கும் செல்லும்.

இனி அந்த ராத்திரி. ஸூஹ்யோக்கின் ராணுவக் காலம் முடிவுக்கு வருகிறது, இனி வரமுடியாது. ஊஜினுக்குப் பிறந்த நாள். பரிசு கொடுத்துப் பிரிகிற நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வட கொரிய அதிகாரி ஒருவன் வந்து நிற்கிறான். துப்பாக்கிகள் வெளியே வருகின்றன. க்யோங்பில் ஒருவன்தான் நிதானத்தை இழக்காதவன். அயல் நாடுகளில் சண்டைக்களம் பார்த்தவன். இரண்டு பக்கமும் சமாதானம் சொல்லி எல்லோரையும் துப்பாக்கியைத் தாழ்த்தும்படி செய்துவிடுகிறான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் மூச்சு விடுகிற சமயம், அந்த அதிகாரியின் கை எதற்கோ அசைகிறது. ஒரு குண்டு வெடிக்கிறது. அடுத்த சில விநாடிகளில் அதிகாரி விழுகிறான், ஊஜின் விழுகிறான், விழுந்த பிறகும் ஊஜின்மேல் குண்டுகள் பாய்ந்துகொண்டே இருக்கின்றன.

பிற்பாடு அந்த உடலைப் பரிசோதிக்கும் ஸோஃபி, இத்தனை குண்டுகள் பாய்ந்திருப்பதைப் பார்த்து, இது தீராப் பகையினால் செய்தது என்றே முதலில் நினைக்கிறாள். நியாயமான ஊகம். எந்தப் போலீஸ்காரரும் அப்படித்தான் நினைப்பார். உண்மையில் அந்தக் குண்டுகளைச் செலுத்திய கை பயத்தினால் வெலவெலத்துப்போன கை. செத்தவனுக்கு அவன்மேல் பகை இல்லை. சுட்டவனுக்குச் செத்தவன்மேல் பகை இல்லை. உடலில் பதிந்த காயத்தைப் பார்த்துப் பயத்தையும் துவேஷத்தையும் பிரித்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது.

இங்கேதான் என் கேள்வி பிறக்கிறது. ஸூஹ்யோக் ஏன் சுட்டான்? தன் கையால் செருப்புக்குப் பாலிஷ் போட்டுக் கொடுத்த பையனை, பிறந்த நாள் பரிசு கொண்டுவந்து கொடுத்த பையனை, அவன் எதற்காகச் சுட்டான்?

முன்பு ஒரு காட்சி வருகிறது. விளையாட்டாகத் துப்பாக்கியை உறையிலிருந்து எவ்வளவு வேகமாக உருவுகிறேன் பார் என்று ஸூஹ்யோக் காட்டுகிறான். ஊஜின் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறான். க்யோங்பில் மட்டும் அதில் மயங்கவில்லை. நிஜச் சண்டையில் வேகமாக உருவுவது பெரிதில்லை, பதறாமல் இருப்பதுதான் பெரிது என்கிற பாவனையில் ஒரு வார்த்தை சொல்கிறான். அப்போது அது ஏதோ பெரியவன் சொல்லும் புத்திமதியாகக் காதில் விழுந்து போய்விடுகிறது. அந்த வேகம்தான் கடைசி இரவில் கொல்கிறது. மனம் யோசித்து, இவன் நண்பன், இவனை என்ன செய்வது என்று தீர்மானிப்பதற்குள் கை தன் வேலையை முடித்துவிட்டது.

கைக்கு அந்த வேகம் எங்கிருந்து வந்தது? இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபின் எஸ்.எல்.ஏ. மார்ஷல் என்ற அமெரிக்க ராணுவ எழுத்தாளர் 1947-இல் ஒரு புத்தகம் எழுதினார். போர்க்களத்தில் இருந்த சிப்பாய்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் எதிரியைக் குறிவைத்துச் சுடவே இல்லை என்பது அவர் கட்சி. அவருடைய கணக்கைப் பின்னால் வந்த சரித்திராசிரியர்கள் பலர் நம்பவில்லை. ஆனால் ராணுவத்தார் நம்பினார்கள். வட்டவட்டமாக வரைந்த குறிப்பலகையை எடுத்துவிட்டு, மனித உருவத்தில் வெட்டிய அட்டை திடீரென்று எழுந்து நிற்க, கண்ட மாத்திரத்தில் சுட்டு வீழ்த்தும்படி பயிற்சியை மாற்றினார்கள். யோசிக்கிறவன் சுடமாட்டான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆகவே யோசனைக்கு முந்திக்கொள்ளும்படி கையைப் பழக்கினார்கள். சிப்பாய்க்கு நோக்கம் என்று ஒன்று வேண்டாம். அது சர்க்காரிடம் இருந்தால் போதும்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. சிப்பாயின் விஷயத்தில் உலகம் பெரும்பாலும் இந்த நியாயத்தைத்தான் பின்பற்றுகிறது. அவன் அம்பு. எய்தவர்கள் ஸியோலிலும் ப்யோங்யாங்கிலும் வாஷிங்டனிலும் இருக்கிறார்கள். அவர்களை நொந்துகொள்; பாவம், இந்தப் பையனை விட்டுவிடு. இது கருணையான நியாயம்தான். நான் நீதிபதியாக இருந்தால் இதைத்தான் எழுதித் தீர்ப்புச் சொல்வேன்.

ஆனால் ஸூஹ்யோக்கினால் அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவனுடைய தொல்லை அங்கேதான் இருக்கிறது. எதிரியைக் கொன்றிருந்தால் எதிரி என்ற ஒரு சொல் கிடைத்திருக்கும்; அதன்மேல் கொலையை இறக்கி வைத்திருக்கலாம். கோபத்தில் கொன்றிருந்தால் கோபத்தைச் சொல்லி அழலாம். இவனுக்கு அப்படி இறக்கிவைக்க ஓர் இடமும் இல்லை. காரணமில்லாமல் நடந்த காரியம் யாருடையது? சர்க்காருடையதா, பயிற்சி கொடுத்தவனுடையதா, அந்த விநாடியுடையதா? எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு எடுத்துக்கொண்டாலும், ஊஜின் கடைசியாகப் பார்த்த முகம் இவன் முகம்தான். தன்னை அம்பு என்று சொல்லித் தப்பிக்க வேண்டுமானால், இத்தனை நாள் பாலத்தைக் கடந்து போனதும் வந்ததும், அண்ணா என்று அழைத்ததும் எல்லாம் பொய்யாகிவிடும். அம்புக்கு அண்ணன் ஏது? அந்த ராத்திரிகளில் தான் மனிதனாக இருந்தது உண்மையானால், சுட்டதும் அந்த மனிதனேதான். சிநேகத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்கு அவன் குற்றத்தையும் தன்னுடையதாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இவ்வளவையும் அவன் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவனுடைய மௌனத்துக்கு வேறு பொருள் எனக்கு அகப்படவில்லை.

க்யோங்பில்லின் வழி வேறு. சாவு நடந்த சில நிமிஷங்களுக்குள்ளேயே அவன் மற்ற இருவரையும் தப்பிப் போகச் சொல்கிறான். கடத்திக்கொண்டு போனார்கள் என்று சொல்லிவிடு என்று கதையும் கட்டிக்கொடுக்கிறான். நம்பும்படியாக இருக்கவேண்டும் என்பதற்காகத் தன் தோளிலும் ஒரு குண்டை ஏற்றுக்கொள்கிறான். பிற்பாடு விசாரணையில் இருவரையும் எதிரெதிரே உட்கார்த்தி வைக்கிறார்கள். ஸூஹ்யோக் உடைந்து அழுதுவிடும் கட்டம். இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும். சட்டென்று க்யோங்பில் மேஜையை உதைத்துத் தள்ளிவிட்டு, தன் கட்சிக்கு ஜே போட்டுக்கொண்டு, நண்பன்மேல் வெறிபிடித்தவனைப் போலப் பாய்கிறான். அங்கே இருந்த அதிகாரிகள் எல்லோரும் பார்த்தார்கள்: இதோ வட கொரியாக்காரனின் துவேஷம்! அத்தனை பேரும் ஏமாந்தார்கள். படம் முழுவதிலும் அவ்வளவு பெரிய அன்பு வேறெங்கும் வெளிப்படவில்லை. மனிதர்களின் நோக்கத்தை அவர்கள் செய்கையிலிருந்து படித்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு காட்சியை இரண்டு தடவை பார்க்கவேண்டும்.

நோக்கம் சொல் என்று மனிதனை நெருக்குவது அந்த நாட்டுக்குப் புதிதல்ல. ஸோஃபியின் தகப்பனார் கதை அதுதான். அவர் வட கொரிய ராணுவத்தில் அதிகாரியாக இருந்து கைதியானவர். கைதிகளை விடுதலை செய்தபோது வடக்கும் வேண்டாம் தெற்கும் வேண்டாம் என்று மூன்றாவது நாட்டைக் கேட்டவர். இது தெரியவந்ததும் மகளை விசாரணையிலிருந்தே விலக்கிவிடுகிறார்கள். தகப்பன் கற்பனைப் பாத்திரம். அவரைப் போன்றவர்கள் கற்பனை அல்ல. 1953-இல் சொந்த நாட்டுக்குத் திரும்ப மறுத்த கைதிகளைக் காவல் காக்கும் பொறுப்பை நம் இந்திய ராணுவம்தான் ஏற்றுக்கொண்டது. ஜெனரல் திம்மய்யா அந்தக் கமிஷனின் தலைவர். இந்தியத் துருப்புகள் தன் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று தென் கொரிய ஜனாதிபதி சிங்மான் ரீ அடம் பிடித்ததால், கப்பலிலிருந்து அவர்களை ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போய் ராணுவமற்ற பகுதியில் இறக்கவேண்டியிருந்தது. அங்கே கூடாரங்களில் கைதிகளை ஒவ்வொருவராக அழைத்து, அவர்கள் எந்த நாட்டவரோ அந்த நாட்டு அதிகாரிகளின் எதிரே நிறுத்தினார்கள். ஏன் திரும்பி வரமாட்டாய்? காரணம் சொல்.

பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டார்கள். கடைசியில் 76 கொரியர்களும் 12 சீனர்களுமாக 88 பேர் மட்டும் இரண்டும் வேண்டாம் என்று நின்றுவிட்டார்கள். 1954 பிப்ரவரியில் அவர்கள் இந்தியத் துருப்புகளோடு கப்பலேறி நம் சென்னைத் துறைமுகத்தில்தான் வந்து இறங்கினார்கள். பிறகு பலர் பிரேஸிலுக்கும் அர்ஜென்டைனாவுக்கும் போனார்கள். சிலர் இந்தியாவிலேயே தங்கிவிட்டார்கள். துரோகிகள் என்று ஒரு பக்கம் சொன்னார்கள். கோழைகள் என்று இன்னொரு பக்கம். இவர்களைப் போன்ற ஒருவனைக் கதாநாயகனாக வைத்து 1960-இல் சோய் இன்ஹூன் 'சதுக்கம்' என்ற நாவலை எழுதினார். அவனை ஏற்றிக்கொண்டு இந்தியாவை நோக்கி வரும் கப்பலுக்குத் தாகூர் என்று பெயர் வைத்தார். அவன் கரை சேரவில்லை, நடுக்கடலில் குதித்துவிடுகிறான். நிஜத்தில் வந்தவர்கள் கரை சேர்ந்தார்கள், பிழைப்பைத் தேடிக்கொண்டார்கள், குடும்பம் நடத்தினார்கள். நாவலாசிரியர்கள் தங்கள் பாத்திரங்களிடம் சற்று அவசரமாகத்தான் நடந்துகொள்கிறார்கள்.

ஸோஃபியினுடைய மேலதிகாரி அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம், இங்கே உண்மையை மறைத்துத்தான் சமாதானத்தைக் காக்கிறோம் என்பது. இரண்டு சர்க்கார்களுக்குமே உண்மை தேவைப்படவில்லை. கடத்தல் என்ற கதை ஒருவருக்குச் சௌகரியம். தாக்குதல் என்ற கதை மற்றவருக்குச் சௌகரியம். நாலு பையன்கள் ஓர் அறையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் யாருக்கும் சௌகரியப்படாத கதை. அதை ஸூஹ்யோக், க்யோங்பில்லுக்கு ஒரு தீங்கும் வராது என்ற வாக்குறுதியைப் பெற்றுக்கொண்டு, ஸோஃபியிடம் மட்டும் சொல்கிறான். அவளும் வாக்கைக் காப்பாற்றுகிறாள்.

எல்லாம் முடிந்து விடைபெறும் நேரத்தில்தான் அவள் ஒரு வார்த்தை சொல்கிறாள். ஊஜினை முதலில் சுட்டவன் ஸோங்ஷிக் என்றுதான் ஸூஹ்யோக் நினைத்துக்கொண்டிருந்தான்; அப்படித்தான் அவளிடம் சொல்லியும் இருந்தான். க்யோங்பில்லோ, சுட்டது ஸூஹ்யோக் என்கிறான் என்று அவள் சொல்கிறாள். ஸோங்ஷிக் அதற்கு முன்பே, விசாரணையின்போது ஜன்னல் வழியே குதித்து, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவனைக் கேட்க வழியில்லை. கொஞ்ச நேரத்தில் ஸூஹ்யோக், பக்கத்தில் இருந்த காவலனின் துப்பாக்கியைப் பிடுங்கித் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான்.

அவள் சொல்லியிருக்க வேண்டாம் என்பது என் மனைவியின் அபிப்பிராயம். எத்தனையோ பொய்யைப் பொறுத்துக்கொண்ட விசாரணையில் இந்த ஓர் உண்மையையும் விழுங்கியிருந்தால் ஒரு பிள்ளை பிழைத்திருப்பானே என்கிறாள். இதற்குப் பதில் சொல்வது சுலபமல்ல. ஆனால் அவன் அதுவரை பிழைத்திருந்தான் என்பதே எனக்குச் சந்தேகம். தானே சுட்டதை நண்பன் சுட்டதாக ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறான். தெரிந்து சொன்ன பொய்யா, ஞாபகமே அவனுக்கு இரங்கி மாற்றிக் கொடுத்ததா என்பதைப் படம் நமக்குச் சொல்வதில்லை. இரண்டாவதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஞாபகத்தை விடக் கருணையுள்ள பொய்யன் கிடையாது.

எனக்கு மிஞ்சியிருக்கிற புதிர் க்யோங்பில்தான். தோளில் குண்டை வாங்கிக்கொண்டு பொய் சொன்னவன். எல்லோர் எதிரிலும் பகைவனாக நடித்துப் பொய் சொன்னவன். தன் நண்பனைக் காப்பதற்காக இரு சர்க்கார்களையும் ஒரு சர்வதேசக் குழுவையும் ஏமாற்றியவன். அவன் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளிடம் ஏன் உண்மையைச் சொன்னான்? கேட்டதற்குச் சொன்னான் என்றால் அது விடையாகாது. எத்தனையோ முறை கேட்டார்கள், சொல்லவில்லையே.

நான் பல நாள் யோசித்துப் பார்த்ததில் ஒன்றுதான் தோன்றுகிறது. ஸோங்ஷிக்கும் அவனுக்குத் தம்பிதான். நினைவில்லாமல் கிடக்கிற அந்தப் பையன்மேல், அவன் எழுந்து மறுத்துச் சொல்ல முடியாத நேரத்தில், அவன் செய்யாத ஒரு செயலை ஏற்றிவைப்பதற்கு க்யோங்பில்லுக்கு மனம் வரவில்லை. அவன் தன் வார்த்தை பாலத்துக்கு அப்பால் போய்ச் சேரும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டான்.